அஸ்வெசும எடுக்கிற வீட்டிலிருந்து முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக வேலை கேட்டுப் போகிறவர்களிடம் முதலாளிமார் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "வீட்டுல அஸ்வெசும எடுக்கிறீங்களா?" என்பது. அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற உதவிப் பணம். கேட்கிற விதம் சும்மா விசாரிப்பது போலத்தான் இருக்கும். "ஓம்" என்ற பதில் வந்த பிறகு சம்பளப் பேச்சு ஒரு படி கீழே இறங்கும். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றிய கதையே வராது. ஆள் குறைக்க வேண்டி வந்தால், "உனக்குத்தான் அரசாங்கம் தருதே" என்று முதலில் கைவைப்பதும் அந்தப் பெயரில்தான்.

படுவான்கரையிலிருந்து பட்டணத்துக் கடைக்கு வருகிற பிள்ளை, விடிய முன்னமே காமென்ட்ஸ் பஸ் பிடிக்கிற பெண், சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை தைக்கிறவர், பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஹோட்டல் அறை துப்புரவாக்கப் போகிறவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் அஸ்வெசும இல்லாமல் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவோ சிறுநீரக நோயாளர் கொடுப்பனவோ வருகிறதென்றாலும் விஷயம் ஏறத்தாழ இதேதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

கசப்பான பகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அரச உதவி எடுக்கிறவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது" என்று தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துகிற ஒரு வரி இலங்கைச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மனித உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி உண்டு, வடக்கு டகோட்டாவிலும் உண்டு. அங்கே இனம், மதம் போல, அரச உதவி பெறுகிற நிலையும் சட்டம் பெயர் சொல்லிக் காக்கிற ஒன்று. அதைக் காரணம் காட்டி வேலை மறுத்தாலோ சம்பளத்தைக் குறைத்தாலோ அதையே முறைப்பாடாகக் கொடுக்கலாம். போனில் இதை வாசித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு தொழில் கந்தோருக்குப் போகாதீர்கள்.

நம்மிடம் இருப்பது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை. 12(1) எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று பட்டியல் போட்டு இவற்றால் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. வறுமையோ உதவிப் பணமோ அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசாங்கமும் அரச நிர்வாகமும் செய்ததற்கு எதிராகத்தான், கடை முதலாளிக்கு எதிராக அல்ல. வேலையில் பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச தொழில் அமைப்பின் 111 ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தனியார் துறைக்கென்று ஒரு பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

அப்படியென்றால் கையை விரித்துவிடுவதா? இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனக்குறையை முழுசாகக் கொண்டுபோகாதீர்கள், துண்டு துண்டாகப் பிரியுங்கள். "அஸ்வெசும எடுக்கிறதால என்ன ஒரு மாதிரி நடத்துறாங்க" என்ற பேச்சுக்குத் தொழில் கந்தோரில் படிவம் இல்லை. "ஆகக் குறைந்த சம்பளம் தரவில்லை", "ஈபிஎஃப் கட்டவில்லை", "காரணம் எழுதித் தராமல் நிறுத்தினார்கள்" என்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. முதலாளி ஏன் அப்படிச் செய்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. செய்தார் என்று காட்டினால் போதும். ஒருவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிப்பதைவிட, சம்பளக் கவரில் எவ்வளவு இருந்தது என்று நிரூபிப்பது எவ்வளவோ இலகு.

வேலை கேட்கப் போகிற அன்று

அந்தக் கேள்வி வந்தால் பொய் சொல்ல வேண்டாம். அஸ்வெசும பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை ஆட்சேபனைக்காகவும் மேன்முறையீட்டுக்காகவும் ஊரறியக் காட்சிப்படுத்தியிருக்கிறார்கள். அதோடு நம் ஊர்களில் யார் வீட்டில் என்ன வருகிறது என்பது தெருவுக்கே தெரியும். ஒளித்து மாட்டிக்கொண்டால் "பொய்க்காரி" என்ற பெயர்தான் மிஞ்சும். அதே நேரம் தனியார் முதலாளிக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "அது குடும்பத்துக்கு வாறது சேர், வேலைக்குத் தேவையான ஐடி கார்ட், சேர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்திருக்கன்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, பேச்சை வேலை நேரத்துக்கும் சம்பளத்துக்கும் திருப்புங்கள்.

அங்கேயே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஈபிஎஃப் எந்தத் திகதியிலிருந்து, நியமனக் கடிதம் எப்போது. கடையிலோ கந்தோரிலோ வேலை என்றால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். நியமனக் கடிதமும் தர வேண்டும். ஆலை, காமென்ட்ஸ் போன்றவற்றுக்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனித்தனித் தீர்மானங்கள் இருக்கின்றன.

கடிதம் தர மாட்டோம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டுமா? வீட்டில் அரிசி இல்லாதவருக்கு அந்த அறிவுரை எடுபடாது. சேருங்கள். ஆனால் சேர்ந்த அன்றைக்கே சுப்பவைசருக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி போடுங்கள்: "சேர், இன்று 3 ஆம் திகதி வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் சொன்ன சம்பளம் இவ்வளவு. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" அவர் "8 மணி" என்று பதில் போட்டாலே போதும். நாளைக்கு "இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

சம்பளக் கணக்கு

தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது பல தடவை திருத்தப்பட்டு, 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி 1 இலிருந்து மாதம் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. நாள் கூலி என்றால் 1,200 ரூபா. அரச உதவி எடுக்கிறவருக்கு இதில் குறைத்துக் கொடுக்கலாம் என்று எந்த விலக்கும் இல்லை.

"அரசாங்கம் 10,000 தருது, நான் 20,000 தாறன், 30,000 ஆச்சுதானே?" என்கிற முதலாளியின் கணக்கை ஒருமுறை நாமும் போட்டுப் பார்ப்போம். அஸ்வெசுமவில் வறிய பிரிவுக் குடும்பத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 10,000 ரூபா, மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபா. முதலாளி தர வேண்டிய 30,000 இல் 10,000 ஐக் குறைத்தால் அந்த உதவிப் பணம் யாருடைய வீட்டுக்குப் போகிறது? பெயர் உங்களுடையது, வங்கிப் புத்தகம் உங்களுடையது, பலன் மட்டும் அவருடையது. இதற்கு மேல் ஈபிஎஃப், ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டாமல் விட்டால் இன்னொரு 4,500 ரூபா அவர் பையில். எப்படி என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

"ரெய்னிங் காலம், அதனாலதான் குறைவு" என்பது இன்னொரு பேச்சு. ரெய்னிங் என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரையும் போல முழு நாளும் மெஷினில் உட்கார வைத்தால் அது வேலைதான். சரி, ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் அது உங்கள் முடிவு. ஆனால் அந்த மாதத்தையும் எழுதி வையுங்கள்.

ஈபிஎஃப் போட்டால் அஸ்வெசும வெட்டுப்படுமா?

இந்தப் பயம்தான் நம் பகுதியில் ஆட்களை அதிகமாகக் கெடுக்கிறது. முதலாளி கேட்காமலே, "எனக்கு ஈபிஎஃப் போடாதீங்க சேர், அஸ்வெசும நிப்பாட்டிருவாங்க" என்று தொழிலாளியே போய்க் கெஞ்சுவதும் நடக்கிறது. முதலாளிக்குக் கரும்பு தின்னக் கூலியா வேண்டும்?

முதலில் அஸ்வெசும எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று பாருங்கள். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையிலிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 6 அளவுகோல்கள், அவற்றுக்குள் 22 சுட்டிகள். எல்லாவற்றையும் சேர்த்துப் புள்ளி போட்டுத்தான் நிலையற்ற, பாதிக்கப்படக்கூடிய, வறிய, மிக வறிய என்று பிரிக்கிறார்கள். ஈபிஎஃப் இலக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெயரை வெட்டுவது என்ற முறை இதில் இல்லை. பார்ப்பது முழுக் குடும்பத்தின் நிலையை.

ஆனால் அதற்காக உங்களுக்குத் தேன் தடவிச் சொல்லவும் மாட்டேன். வருமானமும் பொருளாதார நிலைக்குள் வருகிறது. மகளுக்கு நிரந்தர வேலை கிடைத்துக் குடும்ப வருமானம் உண்மையில் கூடினால், அடுத்த மீளாய்வில் பிரிவு மாறலாம், கொடுப்பனவு குறையலாம், நிற்கவும் கூடும். விவரம் கேட்டு வருகிற உத்தியோகத்தரிடம் வருமானத்தை மறைத்துப் பொய் சொல்வது சட்டப்படி குற்றம். அது கையில் வாங்கினாலும் குற்றம்தான், வங்கியில் வாங்கினாலும் குற்றம்தான். ஆகவே ஈபிஎஃப் இல்லாமல் கைக்காசாக வாங்கினால் பாதுகாப்பு என்ற நினைப்பே பிழை. உழைத்த பணத்தை மறைக்கிற சிக்கலும் உங்களுக்கு, சேமிப்பு இல்லாத நட்டமும் உங்களுக்கு.

இப்போது நட்டத்தைக் கணக்குப் பார்ப்போம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈரிஎஃப்புக்கு, முதலாளி இன்னும் 3 வீதம் போட வேண்டும். அதில் உங்கள் பணம் ஒரு சதமும் இல்லை. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 2,400. முதலாளி பங்கு 3,600 உம் 900 உம் சேர்த்து 4,500. வருடத்துக்கு 54,000 ரூபா. "ஈபிஎஃப் வேண்டாம் சேர்" என்று சொல்கிறவர் ஒவ்வொரு வருடமும் இந்த 54,000 ஐ முதலாளிக்கு அன்பளிப்புச் செய்கிறார்.

ஈபிஎஃப் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. நிரந்தரமா, தற்காலிகமா, துண்டு வேலையா, ஒப்பந்தமா என்பது பொருட்டல்ல. ஒரே ஒரு ஆள் வேலை செய்கிற கடைக்கும் பொருந்தும். "வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டார்" என்று முதலாளி ஒரு கடதாசியைக் காட்டினாலும் அவருடைய கடமை போய்விடாது. அப்படிப்பட்ட கடதாசியில் நீங்கள் ஏற்கெனவே கையொப்பம் வைத்திருந்தால் அதற்காகப் பயந்து வாய் மூடி இருக்கத் தேவையில்லை.

அந்தப் பணம் கிழவியான பிறகுதானே கைக்கு வரும் என்பார்கள். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். பெண்கள் கல்யாணம் கட்டி வேலையை விட்டால் அப்போதும் எடுக்கலாம். பத்து வருடச் சேவை இருந்து கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்காகவோ வைத்தியத்துக்காகவோ 30 வீதம்வரை முன்கூட்டியே எடுக்கவும் வழி உண்டு. அஸ்வெசுமவை அரசாங்கம் எந்தக் கட்டத்திலும் மாற்றலாம், நிறுத்தலாம். ஈபிஎஃப்பில் விழுந்த பணம் உங்கள் பெயரில் உள்ள பணம்.

சம்பளத் துண்டில் 8 வீதம் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு. அடையாள அட்டையோடு தொழில் கந்தோருக்குப் போய் உங்கள் பெயரில் பணம் விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் அவருக்குத் தண்டப்பணம் ஏறும், உங்களுக்கு அல்ல.

இதற்கிடையில் கொடுப்பனவு நின்றுவிட்டதென்றால் அது வேலைத்தலப் பிரச்சினை அல்ல. பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் மேன்முறையீடு செய்யுங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வாயால் சொல்கிற காரணம் விளங்கவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எங்கள் குடும்பத்தின் புள்ளி எவ்வளவு, எந்தச் சுட்டியில் மாறியது" என்று பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ஒரு கொப்பி

வேலைக்குச் சேர்ந்த அன்றே எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். போனில் எழுதலாமே என்று கேட்பீர்கள். போன் விழுந்து உடையும், மெமரி அழியும். அதோடு நாளாந்தம் பேனையால் எழுதி வந்த கொப்பியைப் பார்க்கிறபோது விசாரிக்கிற உத்தியோகத்தருக்கு அது நேற்று உட்கார்ந்து ஜோடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கோடு போட்டு அழகாக வைத்திருக்கத் தேவையில்லை. இப்படி இருந்தாலே போதும்:

"மே 11, திங்கள். 7.50 உள்ளே. 6.30 வெளியே. பகல் அரை மணி சாப்பாடு. ஓவர்டைம் எழுதவில்லை. பின்னேரம் சுப்பவைசர் எல்லாரும் இருக்கும்போது 'அஸ்வெசும எடுக்கிறவங்களுக்கு எதுக்கு ஓவர்டைம்' என்று சொன்னார். பக்கத்து மெஷின் அக்காவும் செக்கிங் தங்கச்சியும் கேட்டார்கள்.

மே 12, செவ்வாய். 7.55 உள்ளே. 5.10 வெளியே. ஏப்ரல் சம்பளம் 21,500 கையில் தந்தார்கள். துண்டு இல்லை. கேட்டதுக்குப் பிறகு என்றார்கள்."

பார்த்தீர்களா, இதில் ஒரு இடத்திலும் அழுகை இல்லை. கோபத்தை எழுதாதீர்கள், சொல்லப்பட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள். யார் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். இதோடு வேலைத்தல வரவுப் பட்டியலின் போட்டோ, பஸ் பாஸ், சம்பளக் கவர், வட்ஸ்அப் குரல் செய்திகள் என்று கிடைக்கிற எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிரதிகளை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. கொப்பியை வேலைத்தல லொக்கரில் மட்டும் வைக்காதீர்கள்.

தொழில் கந்தோருக்கு

முதலில் உள்ளேயே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். மனிதவளப் பிரிவு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் முதலாளியிடம் நேராக. சில நேரம் நடுவில் இருக்கிற ஆள்தான் பணத்தில் கைவைக்கிறார், முதலாளிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இப்படிக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்காக இழுபடாதீர்கள்.

தொழில் திணைக்களத்துக்கு மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் கந்தோர் உண்டு. எந்தக் கந்தோர் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் வீடு அல்ல, வேலைத்தலம். களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக் கடைக்குப் போய் வருகிறவருக்கு மாவட்டம் மட்டக்களப்பு என்றாலும் முறைப்பாடு கல்முனைப் பக்கம்தான். பொலிசுக்குப் போவது நம் ஆட்களின் பழக்கம். சம்பளப் பாக்கிக்குப் பொலிசில் வேலை இல்லை, நேரம்தான் வீண்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த மாதிரி எழுதலாம்:

"நான் மேற்படி ஆலையில் 2026.01.05 முதல் பொதி செய்பவராக வேலை செய்கிறேன். நியமனக் கடிதம் தரப்படவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் 21,500 ரூபா கையில் தரப்பட்டது. ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மாதம் 8,500 ரூபா. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி கட்டப்படவில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு தரப்படவில்லை. விவரம் இணைப்பில் உள்ளது. விசாரித்து உரிய தொகையைப் பெற்றுத் தருமாறு கேட்கிறேன்."

உதவிப் பணம் பற்றிய குத்தல் பேச்சைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதைத் தலைப்பாக வைக்க வேண்டாம். கொண்டுபோய்க் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். அம்பாறைப் பட்டணத்துக் கந்தோரில் தமிழில் எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்களுக்கு அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில் எழுதித் தாறேன் என்று வெளியே நிற்கிறவர்களிடம் காசு கொடுக்கத் தேவையில்லை.

பிறகு இரு தரப்பையும் ஒரு திகதிக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் போகாமல் விட்டால் முறைப்பாடு அப்படியே படுத்துவிடும், ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். முதலாளி தரப்பில் நாலு பேர் கோட் சூட்டோடு வந்து உட்கார்ந்தாலும் பயப்படாதீர்கள், உங்கள் பக்கம் கொப்பி இருக்கிறது. அந்த மேசையிலேயே "இவ்வளவு தாறன், முடிச்சுக்குவம்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அது ஈபிஎஃப் பாக்கி சேர்ந்ததா சேராததா என்று கேளுங்கள். கைக்குக் காசு தந்துவிட்டு ஈபிஎஃப்பை மறைத்துவிடுவதுதான் வழக்கமான சூழ்ச்சி. கட்டாத ஈபிஎஃப்பை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு.

வேலையை விட்டு நிறுத்திவிட்டால்

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால், அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். வராமல் நின்றுவிட்டார் என்று பிறகு கதை மாறும். ஆகவே அடுத்த நாளும் வேலைக்குப் போங்கள். கேற்றில் தடுத்தால் அங்கிருந்தே "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று செய்தி அனுப்புங்கள். இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள். சம்பளப் பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு இரண்டு வழிகள். சராசரியாக 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்து, நீங்கள் கடந்த 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வேலை செய்திருந்தால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ முதலில் வேண்டும். "அவளுக்கு வேறு வருமானம் இருக்கிறது" என்பது ஒழுக்காற்றுக் காரணம் அல்ல. ஒழுக்காற்றுக் காரணம் என்று சொன்னால், நிறுத்தி இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்கு.

சின்ன இடம் என்றாலோ ஒழுக்காற்றுக் காரணம் சொல்லியிருந்தாலோ, 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்படி தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே நின்று பேசலாம், தொழிற்சங்க ஆள் நிற்கலாம். இரண்டு வழிக்கும் காலக்கெடு வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதம். பெரியவர்களை விட்டுக் கதைத்துப் பார்ப்போம், கோயில் திருவிழா முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதைப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன பிறகு நிறுத்தினால் 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தனியாகப் பாதுகாப்புத் தருகிறது. அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

அரச இடம், மாற்றுத்திறன், தொல்லை

பிரதேச சபை, வைத்தியசாலை, அரச பாடசாலை போன்ற இடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய் அங்கே உதவிப் பணத்தைக் காரணம் காட்டித் தள்ளினால் கதை வேறு. அங்கே 12(1) நேராகவே பொருந்தும். ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேரம் மிகக் குறைவு: ஒரே மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் உயர் நீதிமன்றக் கெடுவில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்தியக் கந்தோர்கள் இருக்கின்றன, அவசரத் தொலைபேசி 1996. வேடிக்கை என்னவென்றால், 2020 இல் ஒரு இலட்சம் வேலைத் திட்டத்துக்கு அரசாங்கம் தேடிப் பிடித்ததே சமுர்த்தி (அஸ்வெசுமவுக்கு முந்திய உதவித் திட்டம்) மட்டத்துக் குடும்பங்களைத்தான். உதவி எடுப்பது அரச வேலைக்குத் தடை என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு எடுக்கிறவருக்கு ஒரு பலமான சட்டம் உண்டு: 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுப்பதில் இயலாமையைக் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. இது தனியாருக்கும் சேர்த்துத்தான். மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். "கொடுப்பனவு எடுக்கிற ஆளுக்கு வேலை எதுக்கு" என்று மறுத்தால், அந்தக் கொடுப்பனவு எதற்காக வருகிறது என்பதையே கடிதத்தின் மையமாக வையுங்கள்.

கணவன் இல்லாத, உதவிப் பணத்தில் வீடு நடத்துகிற பெண் என்று தெரிந்து கைநீட்டுகிற, இரட்டை அர்த்தத்தில் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது தொழில் பிணக்கு அல்ல, தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றம். இதற்குத்தான் பொலிஸ். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1938 பெண்கள் உதவி இலக்கத்தில் பேசுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்று எந்த இடத்திலும் நின்றுவிட வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தரும், தேவையானால் வழக்கிலும் நிற்கும். மட்டக்களப்பிலும் அதற்குக் கந்தோர் உண்டு. போகும்போது அடையாள அட்டை, கொப்பி, தொழில் கந்தோர் முத்திரை குத்திய பிரதி, வேலை நின்ற திகதிக்கான ஆதாரம் ஆகியவற்றோடு அஸ்வெசும வருகிற வங்கிப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். உங்கள் வருமானம் குறைவு என்று அங்கே காட்டுவதற்கு அது உதவும்.